க்ளீன் பண்ணிண்டு வாங்கோ

…அப்படிச் சொன்னா எப்படி டீச்சர்? நீங்க கோச்சுண்டு பிரயோஜனம் இல்லை, கேட்டேளா. டாக்டர் லிபி இன்னிக்கு லேசர் பண்ண முடியாதுன்னு சொன்னா முடியாதுதான். லைட்டைப் போட்டு, தாடையைத் தடவிப் பாத்து, "இதிலே ஒண்ணும் இல்லையே"ன்னு எழுந்துட்டாளாமே? ரெம்யா வந்து சொன்னா. ரெம்யான்னா மிஷின் ஓட்டற பொண்ணு. உங்க கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி மாட்டி விட்டாளே, அவ.

உக்காருங்கோ. ஐயோ, அந்தக் கசேரி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல, என் டெஸ்க் பக்கத்துல உக்காருங்கோ. திருவனந்தபுரத்துலேருந்து வள்ளியூருக்கு வண்டி எப்போ? மூணு மணிக்குத்தானே? பின்னே என்ன. ஸ்டேஷன் இங்கேருந்து நடந்தா பதினஞ்சு நிமிஷம். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் எறிஞ்சுட்டே போகலாம்.

ஒரே ஒரு கையெழுத்து. அதுக்குத்தான் உங்களை இருக்கச் சொன்னது. இந்தப் பேப்பர்ல, இதோ, பென்சிலால புள்ளி வெச்சிருக்கேன். "லேசருக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை ஊழியர் எனக்குத் தெளிவாகச் சொன்னார். நான்தான் அதன்படி செய்யவில்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கு. ஊழியர்னா நான்தான். ஜெயலக்ஷ்மி. சட்டையில பேர் குத்தியிருக்கேன் பாருங்கோ. தமிழ் பேஷண்ட் எல்லாருக்கும் போன் பண்றது, மெசேஜ் அனுப்பறது, தேதி குடுக்கறது எல்லாம் நான். நாகர்கோவில், வள்ளியூர், தென்காசி, செங்கோட்டைன்னு பாதி ஜனம் அந்தப் பக்கத்துலேருந்துதான் வரது. ஏழு வருஷமாச்சு.

வாசியுங்கோ, வாசியுங்கோ. அவசரம் இல்லை.

என் சங்கடம் என்னன்னா டீச்சர், நம்ம ஜனங்களுக்கு வார்த்தை தெரியலை. முடி எடுக்கறதுக்கு எத்தனை தினுசு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேர் என்ன, எது வேரோட போறது, எது மேலோட போறது, ஒண்ணும் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை: முடி எடுக்கறது. திருச்செந்தூர்ல போய்ப் பண்ணிண்டாலும் முடி எடுக்கறது, பார்லர்ல பண்ணிண்டாலும் முடி எடுக்கறது. பின்னே எப்படி?

உங்களுக்குப் படிப்பு இருக்கு, சொன்னா மனசிலாகும். த்ரெட்டிங்ன்னா நூல். ஒரு நுனியைப் பல்லுல கடிச்சுண்டு, ரெண்டு கையாலயும் முறுக்கி முறுக்கி எடுக்கறது. வேரோட வந்துடும். வேக்ஸிங்ன்னா மெழுகு. சூடா தடவி, துணியை ஒட்டி, சர்ர்ன்னு ஒரே இழுப்பு. அதுவும் வேரோட. ஷுகரிங்ன்னு ஒண்ணு இருக்கு. சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் போட்டுக் காய்ச்சின பாகு. அதுவும் அந்த இழுப்புதான், ஆனா உருட்டி உருட்டி எடுக்கணும். ப்ளக்கிங்ன்னா ட்வீசர் வெச்சு ஒண்ணொண்ணா பிடுங்கறது. இதெல்லாம் எபிலேஷன். எபிலேஷன்னா வேரோட. டெபிலேஷன்னா மேலோட. ஒரு 'டெ'தான் வித்தியாசம். அந்த ஒரு 'டெ'யில லோகமே மாறிப்போயிடும்னு டாக்டர் லிபி கிளாஸ் எடுத்தப்போ சொன்னா. நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

எபிலேட்டர்னு ஒரு மிஷின் இருக்கு, அதுல ரொம்பப் பேர் ஏமாந்து போறா. பாக்க அசல் ட்ரிம்மர் மாதிரியே இருக்கும். ட்ரிம்மர் மேலோட வெட்டும். எபிலேட்டர்ல உள்ளே முப்பது நாப்பது குட்டி ட்வீசர் சுத்திண்டு இருக்கும், அத்தனையும் பிடுங்கும். ஒருத்தர் ட்ரிம்மர்னு நெனச்சு அதை எடுத்து மீசையில வெச்சுண்டார். கோட்டைக்குள்ளே எங்க தெரு பூரா கேட்டுது அந்தச் சத்தம். யாரா? எங்காத்துக்காரர்தான், வெங்கடசுப்ரமணியன். பேங்குல மேனேஜரா இருந்தவர். பொட்டி மேலே என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கணுமா வேண்டாமா? ஒரு வாரம் மேலுதட்டுல ஐஸ் வெச்சுண்டு, என்னோட ஒரு வார்த்தை மிண்டாம இருந்தார். நான் என்ன பண்ணினேன்? ஆபீஸ்ல சாம்பிள் குடுத்ததைக் கொண்டுபோய் மேஜை மேலே வெச்சேன். அவ்வளவுதான் என் தப்பு.

எங்கே விட்டேன்? ஆங்… கிரீம். அது முடியைக் கரைக்கும், மேலோட. வேர் அங்கேயே பத்திரமா இருக்கும். ஆனா தோல் எரிஞ்சுதுன்னா டாக்டர் திட்டுவா. ப்ளீச்னா முடி போறதே இல்லை, நிறம்தான் மாறும். எலக்ட்ரோலிசிஸ்னா ஊசி, ஒரு முடிக்கு ஒரு ஊசி. அது இங்கே இல்லை.

லேசர் இருக்கே, அது கறுப்பைத் தேடிண்டு போற சாதனம். முடியோட கறுப்பைப் பிடிச்சுண்டு உள்ளே இறங்கி வேரைச் சுடணும். வேரையே பிடுங்கிண்டு வந்து படுத்துண்டா அது எதைச் சுடும்? அதனாலதான் அஞ்சாறு வாரத்துக்கு நூல் கூடாது, மெழுகு கூடாது, ட்வீசர் கூடாது. முந்தின நாள் மட்டும் மேலோட… அந்த இன்னொண்ணு பண்ணிண்டு வரணும். உள்ளே வேர் இருக்கும், வெளியே ஒண்ணும் இருக்காது. ரொம்ப எளுப்பம், சுலபமான வேலை.

எந்த இன்னொண்ணா? அதான் டீச்சர்… மேலோட எடுக்கறது.

பாத்தேளா, போன் அடிக்கறது. இருக்கட்டும், ரெம்யா எடுப்பா.

நீங்க மட்டும் இல்லை, கேட்டோ. லேசர் மிஷின் வந்த இந்த ரெண்டு மாசத்துல நீங்க பதினொண்ணாவது ஆள். நாங்குனேரிலேருந்து அழகியநம்பின்னு ஒருத்தர், காதுலேயும் தோள்லேயும் முடி. அவருக்கு நான் போன்ல என்ன சொன்னேன்? முடியை எடுத்துண்டு வாங்கோன்னேன். மனுஷன் வந்தார். வந்து, பாக்கெட்லேருந்து ஒரு மருந்துக்கடைக் கவரை எடுத்து டெஸ்க் மேலே வெச்சார். என்ன சார் இதுன்னேன். "எடுத்துட்டு வரச் சொன்னீங்களே"ங்கறார். உள்ளே பாத்தா முடி! வேக்ஸ் பண்ணினதுல ஒட்டினதைச் சுரண்டி, மடிச்சு, கவர் மேலே பேரும் வயசும் எழுதி, டெஸ்டுக்குக் கொண்டுவரா மாதிரி கொண்டுவந்திருக்கார். ரெம்யா உள்ளே போய் அரை மணி வெளியே வரலை. நான் சிரிக்கலை. எனக்குச் சிரிக்கத் தோணலை. அவரும் நீங்க உக்காந்திருக்கற கசேரிலதான் உக்காந்து கையெழுத்துப் போட்டார்.

அதுக்கப்புறம்தான் எடுத்துண்டுங்கற வார்த்தையை விட்டேன். க்ளீன்னு மாத்தினேன். க்ளீன் பண்ணிண்டு வாங்கோ. நன்னாத்தானே இருக்கு? மரியாதையாவும் இருக்கு. உடனே அம்பாசமுத்திரத்துப் பொண்ணு ஒண்ணு மூஞ்சியைச் சோப்புப் போட்டு மூணு தரம் அலம்பிண்டு, மினுமினுன்னு வந்து நிக்கறது. முடி அப்படியே இருக்கு! இன்னொருத்தி ப்ளீச் பண்ணிண்டு வந்தா. தாடி பூரா தங்க நிறம். டாக்டர் அவளையும் பாத்தா, என்னையும் பாத்தா.

போன திங்கக்கிழமை என்னை உள்ளே விளிச்சா. ரெண்டு மாசம் லிஸ்ட் எடுத்து வெச்சிண்டிருக்கா. மலையாளம் பேசற பேஷண்ட்ல இந்த மாதிரி தப்பா பண்ணிண்டு வந்தவா எத்தனை பேர்? பூஜ்யம். தமிழ்ல பத்து பேர். "அதெந்தா ஜெயலக்ஷ்மி, தமிழர்க்கு மாத்திரம்?"னு கேக்கறா. நான் என்ன சொல்றது? "அவாளுக்கு வார்த்தை வித்தியாசம் தெரியாது டாக்டர், எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டா"ன்னேன். இன்னும் ஒரு தடவை இப்படி நடந்தா தமிழ் டெஸ்க்கே வேண்டாம், அச்சடிச்ச பேப்பரைக் குடுத்துடலாம்னுட்டா. அச்சடிச்ச பேப்பர் வந்துடுத்துன்னா அப்புறம் நான் எதுக்கு?

அதனால உங்க கையெழுத்தும் எனக்கு அவசியம். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு ஒரு பிடிமானம். பத்து பேரும் போட்டா டீச்சர். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. வாங்கினா, போட்டா, போனா.

என்ன சொன்னேன்னா கேக்கறேள்? உங்ககிட்டயா? அதான், எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் சொன்னேன். டாக்டர் என்ன சொல்லச் சொன்னாளோ அதை. அவ மலையாளத்துல "வடிச்சிட்டு வரான் பற"ம்பா. வடிச்சுண்டு வரச் சொல்லுன்னு அர்த்தம். வடிக்கறதுன்னா நமக்குச் சாதம் வடிக்கறதுதான். அதை அப்படியே சொல்ல முடியுமா? யாராவது சாதத்தை வடிச்சுத் தூக்குல எடுத்துண்டு வந்துட்டான்னா? அதனால நான் கொஞ்சம் நயமா மாத்திச் சொல்லுவேன்.

போன்ல இருக்கா? மெசேஜா? காட்டுங்கோ. இருங்கோ, கண்ணாடி… ம்ம். "முகத்தை நன்றாக க்ளீன் பண்ணிக்கொண்டு வரவும். கைக்கு ஒன்றும் தட்டுப்படக் கூடாது. லேடீஸ் பண்ணிக்கொள்வது போல நீட்டாக இருக்க வேண்டும். நன்றி. ஜெயலக்ஷ்மி." ஆமா, நான் அனுப்பினதுதான். கீழே ரெண்டு பூவும் போட்டிருக்கேன். இதுல என்ன தப்பு? இலக்கணப் பிழை ஒண்ணு சொல்லுங்கோ பாக்கலாம்.

அப்புறம் நீங்க போனும் பண்ணினேளா? எப்போ? எனக்கு ஓர்மை இல்லையே… ஒரு நாளைக்கு நாப்பது போன் வரது. என்ன கேட்டேள்? "ஆத்துல நானே பண்ணிக்கறது போதுமா"ன்னா? ஆங், இப்போ ஓர்மை வரது. ஒருத்தர் கேட்டா. குரலை ரொம்ப இறக்கிக் கேட்டா. நீங்களா அது? நான்கூட, "அய்யோ, ஆத்துல அரைகுறையா பண்ணிக்க வேண்டாம், பார்லர்ல பொம்மனாட்டிகள் பண்ணிக்கறாளே, அப்படி வழவழன்னு இருக்கணும்"னேன்.

சொன்னேன். ஆமா. சொன்னேன்தான்.

ஆனா நீங்க ஆத்துல பண்ணிக்கறதுன்னா நான் என்னத்தைக் கண்டேன்? மஞ்சள், கடலைமாவு, அந்த மாதிரி ஏதாவது தேச்சுக்கறேளாக்கும்னு நெனச்சேன். பின்னே நீங்க என்ன பண்ணிண்டிருந்தேள்?

…

என்ன? தினமுமா?

மெல்லச் சொல்லுங்கோ டீச்சர், எல்லாரும் இருக்கா. இல்லை, இல்லை, சொல்லுங்கோ. பதினாறு வருஷமா? காலம்பற நாலரைக்கு, அம்மா எழுந்திருக்கறதுக்கு முன்னாடி? குளிமுறி லைட்டைப் போடாம? லைட் இல்லாம எப்படி… கைத்தடவல்லயேவா. ம்ம். தம்பியோடதா? ஓ. தம்பி கல்யாணம் ஆகி விட்டுட்டுப் போனது. அப்புறம் புதுசு வாங்க வள்ளியூர்ல வாங்காம, நாகர்கோவில் போவேளா? அங்கேயும் "தம்பிக்கு"ன்னு சொல்லுவேளா?

அப்போ டீச்சர்… இருங்கோ. அப்போ நீங்க ஒண்ணுமே பண்ணாம, வழக்கம்போல இன்னிக்குக் காலம்பறவும் பண்ணிண்டு வந்திருந்தா…

ஆமா. சரியா இருந்திருக்கும். அதுதான் வேணும். டாக்டர் சொல்றது அதேதான்.

நீங்க என் மெசேஜைப் பாத்துட்டு அதை நிறுத்திட்டேளா? எத்தனை நாள்? பன்னிரண்டு நாளா! நூல்ல அகப்படணும்னா கொஞ்சம் வளரணுமே, ஆமா, பார்லர்ல அப்படித்தான் சொல்லுவா. பன்னிரண்டு நாளும் ஸ்கூலுக்கு மாஸ்க் போட்டுண்டா? சளின்னு சொல்லிண்டா? டீச்சர்ஸ் ரூம்ல எல்லாரோடயும் சேந்து சாப்பிடாம? அப்புறம் முந்தாநேத்து பார்லர்… அங்கே அந்தப் பொண்ணு கூட வேலை பாக்கறவளைக் கூப்பிட்டுக் காட்டினாளா? அவ கை அழுகணும். அதுவும் போறாம, நேத்திக்கு ராத்திரி பூரா மிச்சத்தை ட்வீசரால… தட்டுப்படக் கூடாதுன்னு நான் எழுதினதுக்காக.

இந்தாங்கோ, இந்த டிஷ்யூ. இது வேணும்னா… ஷரி, வேண்டாம்னா வேண்டாம்.

நான் ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர்? எனக்கு அந்த வார்த்தை தெரியாதுன்னு நெனச்சுக்காதேங்கோ. நோட்டுல எழுதியிருக்கேன். ரெண்டு பக்கம் எழுதினதுல முதல் வரியே அதுதான். அழகியநம்பி சார் ஆம்பளை, அவர்கிட்ட சொல்லியிருக்கலாம், அவர்கிட்டயும் வாயில வரலை, சொல்லாமயே பழகிப்போச்சு. பொம்மனாட்டிகிட்ட நாக்கு எழும்பவே இல்லை. போன் எடுப்பேன், மத்ததெல்லாம் சொல்லுவேன், அந்த எடம் வரும், க்ளீன்னு வந்துடும்.

எங்காத்துல பொம்மனாட்டி மேலே கத்தி படறதுன்னா அதுக்கு ஒரு அர்த்தம்தான். அப்பாவோட அத்தை ஒருத்தி. பதினேழு வயசுல அகமுடையான் போயிட்டான். மாசத்துக்கு ஒருக்கா அவ தலையை மொட்டையாக்கக் கொல்லைப்பக்கம் ஆள் வருவானாம். முக்காடு போட்டுண்டு இருக்கற போட்டோ ஒண்ணு, பீரோவுக்குள்ளே புடவைக்கு அடியில இருந்தது. சுவத்துல மாட்டலை. க்ஷவரம்ங்கற வார்த்தையையே பொம்மனாட்டிகள் காதுபட எங்காத்துல யாரும் சொல்ல மாட்டா. அதைக் கேட்டு வளந்தவ நான். இங்கே வந்து, ஏசி ரூம்ல உக்காந்துண்டு, ஒரு சின்னப் பொண்ணுக்குப் போன் பண்ணி, நீ அதைப் பண்ணிண்டு வான்னு… மரியாதைக் குறைச்சல்னு தோணித்து. அவாளை வேதனைப்படுத்தப்படாதுன்னுதான் டீச்சர். சத்தியமா அதுதான்.

அதுக்குப் பதிலா என்ன பண்ணினேன்? பத்து பேரைத் தப்பா பண்ண வெச்சேன், அதுல பாதிக்கு மேலே வேரோட பிடுங்க வெச்சேன். வெச்சுட்டு, அவாகிட்டயே கையெழுத்து வாங்கினேன். டாக்டர்கிட்டப் போய், நம்ம ஜனத்துக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன்.

அந்தப் பேப்பரைக் குடுங்கோ.

குடுங்கோன்னா. கிழிக்க மாட்டேன், நம்பர் போட்ட பேப்பர், கிழிச்சா அது வேற வழக்கு. இதோ கீழே ஒரு கட்டம் இருக்கு பாருங்கோ. "ஊழியர் தரப்பில் குறை இருந்தால் இங்கே எழுதவும்." ஏழு வருஷத்துல யாரும் அதுல பேனா வெச்சதில்லை. இருங்கோ… "செய்ய வேண்டியதைச் சொல்லவில்லை. ஜெயலக்ஷ்மி." தேதி. அவ்வளவு போறும். மத்த பத்தும் ஃபைல்ல இருக்கு. அதெல்லாம் எடுத்துப் பின்னாலே எழுதித் தரணும். லிபி டாக்டர் என்ன வேணா சொல்லிக்கட்டும். ரொம்ப நல்லவதான், கொஞ்சம் மலையாளம் ஜாஸ்தி.

உங்களுக்கு எப்போ தேதி வேணும்? ஆறு வாரம்னு சொன்னாளா? என்ன, ஜனவரிக்குள்ளே மூணு தடவை ஆகணுமா? ஜனவரியில என்ன?

கேம்பா. கைட்ஸ் கேம்ப், அஞ்சு நாள். பெண் குழந்தைகள் ஒம்பது பேரைக் கூட்டிண்டு. ஒரே ஹால்ல எல்லாரும் படுக்கறது… ஓ. அதான். பொதுக் குளிமுறி. நாலரைக்கு எழுந்தாலும் அங்கே யாராவது இருப்பா. பதினாறு வருஷமும் வர மாட்டேன்னுட்டேளா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிண்டா? ஹெட்மிஸ்ட்ரஸ் உங்களைக் கல்நெஞ்சுக்காரின்னாளா? இந்த வருஷம் நீங்களாவே பேர் குடுத்துட்டேள். லேசர் இருக்குங்கற தைரியத்துல.

ரெம்யே! இங்கே வா. டீச்சருக்கு ஆறு வாரம் வேண்டாம், அஞ்சு வாரத்துல முடி வந்திருந்தாப் பண்ணலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வா. கேளு, நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லு. எல்லாம் என் தப்புன்னும் சொல்லிக்கோ, நானே சொல்றதைவிட நீ சொன்னா கொஞ்சம் மெல்லச் சொல்லுவே.

அதுவரைக்கும் நீங்க வழக்கம்போல பண்ணிக்கலாம் டீச்சர். லைட்டைப் போட்டுண்டு பண்ணிக்கோங்கோ. இருட்டுல வேண்டாம், கழுத்துல கீறிக்கும்.

என்ன பாக்கறேள்? ஏன் என் டெஸ்க்கைப் பாக்கறேள்? அந்த லிஸ்டா? அது செவ்வாய்க்கிழமை வரவாளோட லிஸ்ட். ஆமா, தமிழ்தான். ஆர்யான்னு ஒரு பொண்ணு, தென்காசி, காலேஜ் படிக்கறா. மெசேஜா? அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் முன்னாடியே.

…ஆமா. அதே மெசேஜ்தான்.

இப்பவேவா? நீங்க போனதுக்கப்புறம் சாவகாசமா… இல்லை, ஷரி. நீங்க சொல்றது நியாயம்தான். இன்னிக்குச் சனிக்கிழமை, நாளைக்குப் பிடுங்கிடுவா. குடுங்கோ ரிசீவரை. நம்பரை நீங்களே அடிச்சுட்டேளா? கணக்கு டீச்சர்னா கை வேகம்தான்.

ஹலோ… ஆர்யாவா? நான் திருவனந்தபுரம் ஸ்கின் கிளினிக்லேருந்து ஜெயலக்ஷ்மி பேசறேன்மா. நன்னா இருக்கியா? அம்மா சுகமா? நல்லது. தென்காசியில மழையா? ஓ, பஸ்ல இருக்கியா… இல்லைம்மா, சும்மாதான். அந்த க்ளீன் சமாசாரம் இருக்கே, அதுல ஒரு சின்ன… டீச்சர், பேனாவால மேஜையைத் தட்டாதேங்கோ, சொல்றேன், சொல்றேன்.

ஆர்யா, இன்னும் பார்லர் போகலையே? நாளைக்கா? போகாதே. போகாதேம்மா. நூல் வேண்டாம், மெழுகு வேண்டாம், ட்வீசர் தொடாதே. திங்கக்கிழமை சாயங்காலம் ஆத்துலயே ஷே… ஷேவ் பண்ணிக்கோ.

ஷேவ்.

கேக்கலையா? ஷேவ்! ஹார்ன் அடிக்கறான் போலருக்கு… ஷேவ் பண்ணிண்டு வா! மூஞ்சியை! ஆமாம்மா, நீதான்! அப்பா இல்லை, நீ! ரேசர் வெச்சு! புது பிளேடு, முடி வளர்ற பக்கமாவே இழுக்கணும், எதிர்ப்பக்கம் கூடாது! ஷேவ்! ஷ… ஏ… வ்!

என்ன, எல்லாரும் திரும்பிப் பாக்கறேள்? ஆஸ்பத்திரின்னா நாலும் பேசத்தான் பேசுவா. ஆர்யா, லைன்லயே இரு. என்ன சார்? கடைசிக் கசேரியில பேப்பர் வாசிக்கற சார், நீங்கதான், என்ன சொல்லணும்? சுத்தத் தமிழ்ல மழித்தலா? சார், நீங்க தமிழாசிரியரா இருக்கலாம், ரொம்ப சந்தோஷம். பதினோரு பேருக்கு அப்புறம் இப்பத்தான் ஒரு வார்த்தை வாயில வந்திருக்கு. கையில இருக்கற இந்த ஒண்ணு போறும், இன்னொண்ணைக் குடுத்துக் குழப்பாதேங்கோ.

இல்லைம்மா ஆர்யா, உன்னைச் சொல்லலை. என்ன? என்ன சிரிக்கறே? "அவ்வளவுதானா ஆன்ட்டி"யா? நான் என்னமோ நெனச்சு… ஷரி, ஷரி. அவ்வளவுதான்மா.

பாத்தேளா டீச்சர், அந்தப் பொண்ணு சிரிக்கறா. அவளுக்கு ஒண்ணுமே இல்லை. நானாக்கும் இத்தனை நாளா…

டீச்சர்?

ரெம்யே, டீச்சர் எங்கே? தேதி வாங்கிண்டாளா? அஞ்சு வாரத்துக்கு டாக்டர் சம்மதிச்சாளா? நல்லது. எப்போ இறங்கிப் போனா? நான் ஷேவ் ஷேவ்னு கத்திண்டிருந்தப்பவா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. ஆமா, என்ன சொல்லுவா, நான் எங்கே பேச விட்டேன்.

அடடா. ரெம்யே, முக்கால் மணியா பேசினேன், எபிலேஷன் டெபிலேஷன் எல்லாம் சொன்னேன், அத்தை கதைகூடச் சொன்னேன். மன்னிச்சுக்கோங்கோன்னு ஒரு வார்த்தை சொல்லலையே! சொன்னேனா? நீ கேட்டியா? இல்லையே…

இந்தா, இந்தப் போனைப் பிடி. தென்காசிப் பொண்ணு, இன்னும் லைன்ல இருக்கா. ஷேவ்னு சொல்லு, வேறொண்ணும் நயமா சொல்லப் போகாதே. என் செருப்பு எங்கே… போகட்டும், வேண்டாம். பிள்ளையார் கோயில் திரும்பறதுக்குள்ளே பிடிச்சுடுவேன்.

டீச்சர்! ரத்னாபாய் டீச்சர்! ஒரு நிமிஷம் நில்லுங்கோ! டீச்சர்…!